கெடாயை வெட்டமாட்டேன்

கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது வலது கணுக்காலில் முள் குத்தியதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் கண்ணாடி விரியன். குக்கர் மாதிரிச் சீறியது.

என் கணவர் பைக்கை எடுத்தார். அரசு ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்தான். "தர்மாஸ்பத்திரிக்கா? காடு தோட்டம் வெச்சிருக்கறவங்க அங்க போய்ப் படுத்தா சனம் என்ன பேசும்?" என்று கேட்டது வேறு யாருமல்ல, நான்தான். இலவச மருந்துக்கு வீரியம் இருக்காது என்று நம்பிய மடச்சி.

டவுனில் இருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனோம். முன்பணம் கட்டும்வரை விஷமுறிவு ஊசி போடவில்லை. மூன்று நாளில், பட்டியில் இருந்த பதினான்கு மேச்சேரி ஆடுகளில் எட்டை விற்றாயிற்று. அதற்குள் எனக்குச் சிறுநீர் நின்றுபோனது. "கிட்னி வேலை செய்யலை, சேலத்துக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திட்டலாமென்றால் வாயெல்லாம் இரத்தம்.

சேலம் அரசு மருத்துவமனையில் ஏழு முறை டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்யவேண்டிய சுத்திகரிப்பை இயந்திரம் செய்வது). ஒரு பைசா கேட்கவில்லை. ஆனால் துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, வாடகைக் கார், பிடுங்க ஆளில்லாமல் மண்ணிலேயே முளைத்துப்போன கடலை, இதையெல்லாம் எந்த மருத்துவமனை இலவசமாகத் தரும்?

"மொதல்லயே தர்மாஸ்பத்திரிக்குப் போயிருந்தா இதுல இருந்து தப்பிச்சிருப்பனாங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இவ்வளவு கஷ்டம் வந்திருக்காதும்மா. நேரம்தான் முக்கியம்."

இதைப் படிக்கும் யாரையாவது பாம்பு கடித்தால் கௌரவம் பார்க்காதீர்கள். நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் பார்த்த கௌரவத்தின் விலை எட்டு ஆடு.

வீடு திரும்பிய வாரமே கணவரின் அண்ணன் வந்தார். நான் நினைவில்லாமல் கிடந்தபோது, பிழைத்தால் முனியப்பனுக்குக் கெடா வெட்டுவதாக என் கணவர் நேர்ந்திருந்தாராம்.

"பங்காளிகளுக்கெல்லாம் சோறு போடோணும். பணம் நான் பொரட்டித் தாரேன், வட்டி கம்மிதான்."

"கெடாயை வெட்டமாட்டேனுங்க மாமா. அது போனா மிச்சம் அஞ்சு பெட்டையும் சினை புடிக்காம சும்மாதான் நிக்கும். அப்புறம் மாத்திரைக்கு எங்க போறது?"

"சாமி குத்தமாயிரும், பாத்துக்க."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "உன்ற உசிரு போயிருமோன்னு பயந்துட்டேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "போகலையில்லீங்க? நானே போய்ச் சாமிகிட்டச் சொல்லிக்கறேன்."

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். "சாமி, கோவம்னா எம்மேல காட்டு. எம்பட கெடா மேல கை வெக்காத" என்று சத்தமாகவே சொன்னேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

கணுக்காலுக்குக் கீழே இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை; முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறேன். முன்பு பொங்கல், ஆடிப்பெருக்கு என்று காலத்தைப் பார்ப்பேன். இப்போது அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, அடுத்த குட்டி எப்போது என்பதுதான் கணக்கு.

பட்டியில் இப்போது பத்து ஆடு. பதினான்கு ஆனதும் முனியப்பனிடம் போய்ப் பேசிக்கொள்கிறேன். அதுவரை அவர் காத்திருக்கட்டும். முன்பணம் கட்டும்வரை நானும் காத்துக்கொண்டுதானே கிடந்தேன்.