பூச்சந்தை நேரமும் என் அலுவலக நேரமும்

“…பச்சையா இருந்தாப் போதுமா மக்கா? வாழைக்குலகூட பச்சையாத்தான் இருக்கும். அதுக்காவ உரிச்சித் திம்பியா?”

தோவாளையில் மொத்தப் பூ வியாபாரம் செய்யும் அக்கா இதைச் சொன்னபோது, அவருடைய இணையதளம் நலமாக இருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். தளத்தைச் செய்துகொடுத்தது நான்தான். பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது, எங்கே தடங்குகிறது என்று குறித்து வைக்கும் கண்காணிப்பு மென்பொருளைப் பொருத்தியதும் நான்தான். ஒரு வாரத்துக் கோடும் மடிக்கணினியில் பச்சையாகப் படுத்துக் கிடந்தது.

ஆனால் கேரளத்துப் பூக்காரர்கள் தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரைதான் வருகிறதாம்.

“ஓணத்துக்கு அத்தம் அண்ணைக்கே பூக்களம் போட ஆரம்பிப்பாவ. அதுக்கு முன்ன செரியாவலன்னா அவிய அடுத்த கடைக்குப் போயிருவாவ. பொறவு கூப்பிட்டாலும் வரமாட்டாவ” என்றார்.

“எனக்கு ஒரு குறையும் தெரியலியே அக்கா.”

“நீ எப்பம் பாக்க?”

அமைப்புகளைத் திறந்து காட்டினேன். எல்லா நேரமும் விவரம் சேகரித்தால் இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று, நேரம் குறித்து வைத்திருந்தேன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. அதற்கு முன் நான் தளம் செய்துகொடுத்தது ஒரு பல் மருத்துவருக்கும் ஒரு டியூஷன் சென்டருக்கும். உலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும் என்றே நினைத்திருந்தேன். பூச்சந்தை விடியும் முன்பே தொடங்கி, எட்டு மணிக்குள் கூட்டிப் பெருக்கப்பட்டுவிடும்.

“ஒம்பது மணிக்கு எங்கடையில கோழிதான் மேயும். அதுக்க நாடியையா பிடிச்சிட்டிருந்த?”

நேரத்தை விடியற்காலை மூன்று முதல் ஒன்பது வரை என மாற்றினேன். பத்தில் ஒரு வருகையை மட்டும் பதிந்துகொண்டிருந்ததை, எல்லா வருகைக்குமாக ஆக்கினேன். பக்கத்தின் எந்தப் பகுதி தாமதிக்கிறது என்று தனித்தனியே குறிக்கவும் சொன்னேன்.

மறுநாள் காலை சந்தை ஓய்ந்த பின் போய்ப் பார்த்தேன். கோடு முழுக்கச் சிவப்பு. தாமதித்தவை அத்தனையும் படங்கள். அக்கா தினமும் மூட்டை மூட்டையாகப் பூவைப் படமெடுத்து, போனிலிருந்து அப்படியே ஏற்றிவிடுவார். ஒவ்வொன்றும் கல்யாண பேனருக்கு அடிக்கலாம் என்ற அளவு. வண்டியில் வந்துகொண்டே பார்க்கும் கேரளத்துப் பூக்காரர்களின் போனில் அவை இறங்கவில்லை.

ஒரு பிச்சிப்பூப் படத்தைச் சுருக்கிக் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

“இது பிச்சியில்ல. பொரி.”

“கொஞ்சம் மங்கத்தான் செய்யும் அக்கா.”

“மொட்டு வாய் தெறந்துருக்கா இல்லியான்னு பாத்துல்லா அவிய வாங்குவாவ? அது தெரியாத படம் என்னத்துக்கு?”

போனை எடுத்து எல்லாப் படங்களையும் தாமே அழித்தார். பூவின் பெயர்கள் மட்டும் நின்றன. பிறகு திருவனந்தபுரத்துப் பூக்காரரை அழைத்து, பக்கம் திறக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார். உடனே திறந்துவிட்டதாம். படமில்லாமல் எப்படி நம்புவது என்று அவர் கேட்பது எனக்கும் கேட்டது. அக்கா அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் மலையாள எழுத்தைத் தேடித்தேடி, பிச்சிக்குக் கீழே ‘வாய் திறக்கவில்லை’ என்றும், கேந்திப்பூவுக்குக் கீழே ‘நேற்றுப் பறித்தது’ என்றும் அடித்தார்.