இருபத்தோரு சம்பந்திகள்

போன வாரம் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் வருங்காலச் சம்பந்தி, அவலூர்பேட்டை கோவிந்தசாமி காலமானார். கொன்றது நான்தான். ஆயுதம்... ஒரு போட்டோ பிரிண்டர்.

பதறாதீர்கள். மனுஷர் இப்போது நன்றாக இருக்கிறார்.

என் மகனுக்கு அவர் மகளைப் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று இருந்தது. சம்பந்திக்கு ஏதாவது பரிசு தர ஆசைப்பட்டேன். எங்கள் ஊர் செஞ்சியில் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாம் கோட்டையைத்தான் எடுப்பார்கள். நான் பெண் பார்க்கப் போனபோது, அவரது கடலை மண்டியில் அவரையே ஒரு படம் எடுத்திருந்தேன். மூட்டைகளுக்கு நடுவே, மீசையை முறுக்கிக்கொண்டு... அட்டகாசம்! அதைக் கறுப்பு வெள்ளையில், கெட்டிப் பேப்பரில் பெரிதாகப் போட்டு, ஃப்ரேம் செய்து கொடுத்தால்?

"நல்ல காரியத்துக்கு யாராவது கறுப்பு வெள்ளை குடுப்பாங்களா? கலர்லயே போடுங்க" என்றாள் மனைவி வசந்தா. இவளுக்குக் கலை தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே கஷ்டம், கறுப்பு வெள்ளை அச்சடிப்பதுதான். கலர் பிரிண்டரிடம் போய் 'கொஞ்சம் சாம்பல் நிறம் கொடு' என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிற கலர் மையை எல்லாம் கலந்துதான் கொடுக்கும். கலவை கொஞ்சம் முன்னே பின்னே போனால் தீர்ந்தது கதை. முதல் பிரிண்டில் சம்பந்தி பச்சையாக இருந்தார். பச்சையைக் குறைத்தேன் - ரோஸ் ஆனார். ரோஸைக் குறைத்தேன் - மஞ்சள் காமாலை!

சரி, முறைப்படி செய்வோம் என்று இறங்கினேன். வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிகிற கட்டங்களை ஒரு பட்டையாக அச்சடித்து, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் மையை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைத்து, அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இதற்குப் பெயர் காலிப்ரேஷன். வசந்தா வைத்த பெயர், வேலையத்த வேலை.

மொத்தம் இருபத்தோரு பிரிண்ட். மூலையில் பென்சிலால் நம்பர் போட்டேன். மை காய்ந்து நிறம் நிற்க நேரமாகும். போதாக்குறைக்கு ட்யூப்லைட்டில் ஒரு நிறம், பகல் வெளிச்சத்தில் ஒரு நிறம். அதனால் வாசல் வராந்தாவில், கிரில்லை ஒட்டிக் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு இருபத்தோரு சம்பந்திகளையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. பூச்சி வந்து மையில் ஒட்டக் கூடாதே என்று வசந்தாதான் ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி அடியில் வைத்தாள்.

இப்போது தெருவில் நின்று பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம். ஊதுபத்தி. பக்கத்தில் சட்டையில்லாமல் நான். காலையிலிருந்து சாம்பல் கட்டங்களை முறைத்ததில் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் காதர் பாய் கிரில்லுக்கு வெளியே வந்து நின்றார். பெண் பார்க்கப் போனது அவர் ஆட்டோவில்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். உள்ளே கையை விட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். எனக்கோ பதினாலாம் நம்பரில் காது லேசாகப் பச்சையோ என்று கவலை.

பாய் நேராக அவலூர்பேட்டை மண்டிக்குப் போன் போட்டிருக்கிறார்.

"அண்ணே, செஞ்சியிலருந்து பேசறன். எப்பண்ணே எடுக்கறீங்க?"

"இன்னாத்த? லோடா?"

"இல்லண்ணே... கோவிந்தசாமி அய்யாவ."

போனை எடுத்ததே கோவிந்தசாமிதான்! இருந்தும் என்ன பயன்? அதற்குள் சேதி பத்துப் பேரின் போனுக்குப் போய்விட்டது.

முதலில் சம்பந்தியம்மாள் வசந்தாவைக் கூப்பிட்டார். "இன்னா அண்ணி இது? பொண்ணு குடுக்கற எடத்துலயே சாவு சேதி கெளம்பினா, சகுனம் சரியில்லன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க." அடுத்து சென்னையிலிருந்து மகன். "நைனா, கல்யாணம் மட்டும் நின்னுச்சு... அந்த பிரிண்டர தூக்கி கெணத்துல போட்டுடுவேன்."

வசந்தா நேராகப் போய் ஊதுபத்தியைத் தண்ணீரில் முக்கி அணைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் சம்பந்தியே பைக்கில் வந்து இறங்கினார். அதே நேரம் பார்த்து காதர் பாய் ரோஜா மாலையோடு தெருவைக் கடந்து வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் பாவம், என்ன செய்வார்? வாங்கிய மாலையைச் சம்பந்தியின் கழுத்திலேயே போட்டு, "வாங்கண்ணே" என்று கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டார்.

மாலையோடு சம்பந்தி உள்ளே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடலைச் சாம்பிள் பார்க்கிற மாதிரி, ஒன்றாம் நம்பரிலிருந்து மெதுவாக நடந்தார். பதினாலில் நின்றார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சம்மந்தி, நான் செத்ததுகூட கெடக்கட்டும். இன்னா இது, முடி வெள்ளையா தெரியுது?"

அடடா! மனுஷர் டை அடிக்கிறவர். கலரில் அது தெரியவில்லை. பதினாலாம் நம்பர்தான் கட்டத்துக்குக் கட்டம் கச்சிதமாக அமைந்த பிரிண்ட். டைக்கு அடியில் முளைத்திருந்த ஒவ்வொரு வெள்ளை முடியையும் எண்ணிக் காட்டியது.

மனுஷர் நடையைத் தொடர்ந்தார். கடைசியில் இருபத்தொன்று. கறுப்பு மை எக்கச்சக்கமாகப் போய், முடி, மீசை, பின்னாலிருந்த மூட்டை எல்லாம் ஒரே தார். குப்பைக்கென்று ஒதுக்கியது.

"இதுல வந்துகிறன் பாருங்க, நானு!" முகமெல்லாம் சிரிப்பு. "நிச்சயம் ஞாயித்துக்கிழம நடக்கும். எங்க ஆளுங்கள நான் பாத்துக்கறன். ஆனா... அந்த பதினாலாம் நம்பர கிழிச்சிடுங்க."

கிழித்தேன். என் கையாலேயே. மகன் கல்யாணமா, காலிப்ரேஷனா என்றால் வேறென்ன செய்வது? மெஷினைச் சரிக்கட்டிவிடலாம் சார். கண்ணாடி பார்க்கிற மனுஷனைச் சரிக்கட்ட முடியுமா?

நிச்சயதார்த்தம் ஜாம் ஜாம் என்று நடந்தது. இருபத்தோராம் நம்பர் இப்போது சம்பந்தி வீட்டு ஹாலில் தொங்குகிறது. முதலில் பார்த்த விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். மறுநாளே ஃப்ரேமுக்குக் கீழே ஓர் அட்டை ஒட்டிவிட்டார்கள்:

'உயிரோடு இருக்கிறார். உள்ளே சாப்பிடுகிறார்.'