வண்டி தானாக நின்ற வளைவு

என் அக்கா வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பது வருடமாக, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் முன்னால் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பதுதான் அவருடைய தொழில். அது மனுஷனின் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. ஒரு ஜோடி செருப்பு வாங்க வேண்டுமென்றாலும் நாலு கடை ஏறி இறங்குவார். பேச்சு குறைவு. கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் அத்தான், அவருக்கு நான் மாப்ள. நானோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாள் முழுக்கக் கத்திக் கத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ஒரு கார் வாங்கினால் எவ்வளவு நாள் ஆகும்? எட்டு மாதம் ஆனது.

முன்பு அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. நான்தான் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் திடுதிப்பென்று அதை விற்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஊருக்குள் சுற்ற ஸ்கூட்டர் போதும் என்றார். நானும் விட்டுவிட்டேன். இப்போது மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை கொண்டுபோய் விட வேண்டும், வெள்ளிக்கிழமை கூட்டி வர வேண்டும், சரியான பஸ் இல்லை. பெரிய வண்டியாக வாங்கிவிடலாம் என்று அக்கா முடிவு செய்தாள்.

நடுத்தர எஸ்யூவி மூன்றில் வந்து நின்றது. பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை என்று நாங்களே பட்டப்பெயர் வைத்தோம்: சப்பைமூக்கு, குட்டியானை, அலமாரி. அத்தான் ஒரு நோட்டு போட்டு, பக்கத்துக்கு மூன்று கட்டம் கிழித்து எல்லாவற்றையும் எழுதினார். அக்காவுக்குப் பின்சீட்டில் ஏசி காற்று வர வேண்டும், டிக்கியில் இரண்டு பெட்டி போக வேண்டும். மகளுக்குத் திறந்து மூடுகிற கண்ணாடிக் கூரை வேண்டும். எனக்கு எஞ்சினும் மைலேஜும். இந்த மூன்றுக்கும் குட்டியானைதான் சரி என்று தொண்டை வறளச் சொன்னேன்.

அத்தான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஷோரூம் ஷோரூமாகப் போய் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். குறுக்கே எதுவும் வந்தால் வண்டி தானாக நிற்குமா? மழையில் நிற்குமா? விற்பனைப் பையன்களும் சளைக்காமல் நிற்கும் சார், நிற்கும் சார் என்றார்கள். அலமாரி விற்கிற இடத்தில் மட்டும் இன்னொன்றும் கேட்டார்.

"குறுக்க வர்றது நாயா, ஆளான்னு வண்டிக்குத் தெரியுமா?"

ஆளாக இருந்தால் திரையில் ஆள் உருவம் சிவப்பாக வரும் என்றார்கள். அத்தான் நோட்டை மூடினார். மைலேஜும் குறைவு, திரும்புவதற்கும் மூக்கால் அழுகிற அந்த அலமாரியைத்தான் வாங்கினார். வயசாகிறது, பயம் வந்துவிட்டது என்று நான் நாலு பேர் முன்னால் கேலி செய்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

புது வண்டி பல் முளைக்கிற குழந்தை மாதிரி, கொஞ்ச நாள் படுத்தத்தான் செய்யும். முதல் வாரம் போன் வண்டியோடு சேர மாட்டேன் என்றது. பழைய இணைப்பையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்ததும் சேர்ந்தது. அப்புறம் டயர் விளக்கு எரிந்தது. ஷோரூமில் காற்றைக் கன்னாபின்னாவென்று ஏற்றி வைத்திருந்தார்கள். காலையில் டயர் சூடாகும் முன் அளவாக வைத்து, பட்டனை அழுத்தியதும் அணைந்தது. பின்னாலிருந்து டிக் டிக்கென்று சத்தம் என்றார்கள். பின்சீட் பெல்ட்டின் கொக்கி பக்கத்துப் பிளாஸ்டிக்கில் மோதிக்கொண்டிருந்தது. துணி சுற்றினேன். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஐந்தாவது வாரம் அத்தான் கடையிலிருந்து கூப்பிட்டார். காலி ரோட்டில் வண்டி தானாகப் பிரேக் போடுகிறது என்றார். சர்வீசுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு அட்டையில் எல்லாம் எழுதிக்கொள்வார்கள். என்ன கோளாறு, எப்போது, எங்கே என்று. எங்கே என்ற இடத்தில் அத்தான் "எல்லா இடத்திலும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுவாரம் திரும்பவும் அதே கதை. மூன்றாவது தடவை நான் சும்மா விடுவேனா? கண்ணாடி ரூமுக்குள் புகுந்து, சர்வீஸ் அட்வைசரைப் பிடித்து, இருக்கிற கோபத்தையெல்லாம் கொட்டினேன். உயிர் போனால் நீ வந்து பதில் சொல்லுவியா என்று கேட்டேன். பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போய்விட்டார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, அப்பா பொய் சொல்றார். வண்டி காலேஜ் போற வழியில இருக்கிற வாய்க்கால் வளைவுல மட்டும்தான் நிக்குது. வேற எங்கயும் நின்னதே இல்ல."

"அதைச் சொல்ல அவருக்கென்ன?"

"தெரியல. நின்னதும் அப்பா இறங்கிப்போய் வண்டிக்கு முன்னாடி குனிஞ்சு பாக்குறார். அடியிலயும் பாக்குறார். அங்க ஒண்ணுமே இல்ல மாமா. ரொம்ப நேரம் பாக்குறார். எனக்குப் பயமா இருக்கு."

அத்தானிடம் ஒன்றும் கேட்கவில்லை. சர்வீஸில் போய், கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டு, கூட வர ஒரு ஆளைக் கேட்டேன். சென்சார் வேலை தெரிந்த ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். எந்த ரோட்டில் போகிறோம் என்று புரிந்ததும் அத்தான் சாவியை என்னிடம் நீட்டினார். வேண்டாம், நீங்களே ஓட்டுங்கள் என்றேன்.

காலை பத்து மணி. சுள்ளென்று வெயில். வாய்க்கால் ஓரமாக நேராக வந்த ரோடு அங்கே சட்டென்று திரும்புகிறது. திருப்பத்தில் இரும்புத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். மனுஷ நடமாட்டமே இல்லை. மூன்று தடவை பீப் சத்தம் கேட்டது. பெல்ட் நெஞ்சை இறுக்கியது. வண்டி குப்புற விழுகிற மாதிரி நின்றது. திரையில் சிவப்பாக ஓர் ஆள். நான் நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெறும் ரோடு. இருபத்தைந்து வருடமாக வண்டி சொல்லிக்கொடுக்கிறவன் நான், என் காலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அத்தானின் கை கதவைத் திறக்கப் போனது. நான் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். முன்கண்ணாடியில் இருக்கிற கேமரா ஒரு நூல் திரும்பியிருக்கிறது. வளைவில் வண்டியின் மூக்குக்கு நேராகத் தடுப்பின் முதல் கம்பம் வருகிறது. அது ஆள் உயரம், மேலே மஞ்சள் பட்டை. வண்டி அதை ஆள் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. கேமராவைச் சரி செய்தால் அப்புறம் இங்கே நிற்காது. இதைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அவருக்கு இந்தப் பக்கம்தான் வீடாம்.

"இந்தத் தடுப்பே ஒரு ஆள் செத்தப்புறம் போட்டதுதான் சார். பதினொரு வருஷம் இருக்கும். மோட்டார் ரூம் வாட்ச்மேன், மழையில சைக்கிளைத் தள்ளிட்டு வந்திருக்கார். எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான். விடியற வரைக்கும் உயிர் இருந்துச்சாம். யாரும் பாக்கல."

கேமராவை நாளைக்கே சரி செய்துவிடலாமா என்று அவர் கேட்டார்.

"வேண்டாம்மா," என்றார் அத்தான். "அப்படியே இருக்கட்டும்."

டாக்டரை ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டுவிட்டு, அங்கேயே மதிலோரம் வண்டியை நிறுத்தினார். நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். அன்றைக்கு நல்ல மழை. பொழுது இருட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் காய்ச்சலோடு மகள், அப்போது அவளுக்கு ஏழு வயது. வளைவில் டொம்மென்று ஒரு சத்தம். பிரேக்கில் காலை வைத்தார். "நாய்தான், போங்க, புள்ளைக்குக் கொதிக்குது" என்றாள் அக்கா. காலை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் முன்விளக்கு உடைந்திருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. பேப்பரைப் பிரித்துப் படிக்கவில்லை. அடுத்த வாரம் காரை விற்றார். நாயா ஆளா என்று பதினோரு வருடம் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குத்தான் அந்த நோட்டும் மூன்று கட்டமும்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "மொத நாளே என்ன சொல்லிக்குடுத்தேன்? எதுல இடிச்சாலும் நிறுத்தி இறங்கிப் பாக்கணும்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். சொன்னே மாப்ள என்றார். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? பதினோரு வருஷம் ஆச்சு, விடுங்க, யாருக்கும் தெரியாது என்றேன். சொன்னது நான்தான். கேட்ட எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் என்று அத்தான் வாயெடுத்ததுமே மடிப்பதை நிறுத்திவிட்டாள். இடித்த மறுநாளே பஸ் பிடித்து அந்த வளைவுக்குப் போயிருக்கிறாள். கூட்டம் நின்றிருக்கிறது. அந்த ஆளின் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். அவரிடம் சொன்னால் அவர் அந்த நிமிஷமே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார், குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டாளாம்.

"நீங்க நாய்னு நெனச்சு நிம்மதியா இருக்கட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தாள்.

"நாய்னா நீ அன்னிக்கே இறங்கியிருப்ப," என்றார் அத்தான். "தெருநாய்க்கு முள்ளு குத்தினாக்கூட உன்னால தாங்க முடியாது. போங்கன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

அக்கா சேலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரே வீட்டில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டு, பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் அத்தான். மறுநாள் காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். வண்டி வளைவில் வழக்கம்போல நின்றது. இந்தத் தடவை அத்தான் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெல்ல எடுத்தார். அக்காதான் வழி காட்டினாள், ஒரு சந்துகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடப் பை தைக்கிற வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், சுவரோரமாக நீலத் துணி உருளைகள். வாட்ச்மேனின் மனைவிக்கு என் அக்கா வயதுதான் இருக்கும். யாரோ ஆர்டர் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, துணியை ஒதுக்கி உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. அத்தான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தேதி சொன்னார், மழை என்று சொன்னார், வண்டியை ஓட்டியது தான்தான் என்று சொன்னார். நான்தான் போகச் சொன்னேன் என்று அக்கா குறுக்கே சொன்னாள். இங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போகிறோம், உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தோம் என்றார் அத்தான்.

அந்த அம்மா சாபம் விடுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நான் ஒரு அடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு அத்தானின் முகத்தையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் ஏதோ ஓர் ஆசை வந்தது. எழுந்து கிட்டே வந்தார்.

"இறங்கிப் பாத்தப்போ பேச்சு இருந்துச்சா?" என்று கேட்டார். "அவர் ஏதாவது சொன்னாரா?"



"நாங்க நிக்கலம்மா," என்றார் அத்தான்.

அந்த அம்மா சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். திரும்பிப்போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கையில் எடுத்த துணியைத் தைக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அது யாருக்குமே தெரியாது," என்றார்.