சுவரில் எழுதிய நம்பர்கள்

அலுவலகத்தில் பழைய ஃபேக்ஸ் இயந்திரம் கீச்சிட்டது. வாவிக் காற்றின் ஈரம் மணத்தது. நினைவில் பழைய மட்டக்களப்பு வீட்டுக்குள் மிதந்து போனேன்.

தொலைபேசி வழியாகக் கணினியை இணையத்தோடு இணைத்த காலம். எவரையும் இலவசமாக உள்ளே விடும் நம்பர்களை அக்கா தேடிப் பிடித்து, போனுக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதிவைப்பாள். மறுமுனையில் கணினி கீச்சிட்டால், லைன் கிடைத்துவிட்டதென்று கண்மூடிச் சிரிப்பாள்.

"மனிசர் பேசாத நம்பருக்கு ஏன் புள்ள அடிக்கிறாய்?" என்பார் அம்மா.

சுனாமிக்கு மறுநாள், கல்லடிக் கடற்கரையில் இருந்த மாமா வீட்டுக்கு அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தார். பதிலில்லை.

"நம்மட போன்தான் பழுது போல. ஒருக்கா பாரு புள்ள."

அக்கா சுவரிலிருந்த ஒரு நம்பரை அடித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தக் கீச்சொலி தெளிவாகக் கேட்டது. ரிசீவரை மெல்ல வைத்தாள்.

"ஓம்மா, நம்மட போன்தான் பழுது."