ஓடாதவர் காட்டிய பட்டணம்

சண்டை முடிந்த மறு வருஷம் அப்பாவின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க மதராஸ் போனோம். ஒரு கம்பெனி ஹெட் கிளார்க் வீட்டில் தங்கினோம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று நாற்பத்திரண்டில் பட்டணமே காலியானபோது, பெண்டாட்டி பிள்ளைகளோடு அரியலூரில் ரயில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். யாரோ சொல்லி அனுப்பிய, முன்பின் தெரியாத ஆள். அப்பா ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். அந்தக் கோடை முழுக்க எங்கள் கம்பஞ்சோற்றைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார் மனுஷர்.

நாங்கள் போன சமயம் அவருடைய பெரிய பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சண்டைக் காலத்தில் ஊரை விட்டு அசையாதவர். விளக்கை அணைக்கச் சொல்லித் தெருத் தெருவாகச் சுற்றிய வார்டன். பயந்து ஓடினவன் வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். ஹெட் கிளார்க்கும் வாய் கூசாமல், குடும்பத்தை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் இங்கேயே இருந்ததாக அளந்து வைத்திருந்தார்.

"கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்று அப்பாவிடம் கெஞ்சினார்.

"அதுக்கென்னங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கை" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா முறைத்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஹெட் கிளார்க் எங்களுக்கு ஊர் காட்டுகிற சாக்கில் வார்டனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். ஹெட் கிளார்க்கின் மனைவியும் வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மிருகங்களை வைத்திருந்த உயிர் காலேஜில் ஆரம்பித்தது நடை.

"கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துடும்னு சிங்கம் புலியெல்லாம் சுட்டாங்க. சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுது" என்றார் ஹெட் கிளார்க், குடையை நீட்டிக் காட்டி. அடேயப்பா! அந்த நாளில் அவர் எங்கள் கிணற்றடியில் கோவணத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். வார்டன் தலையாட்டிக்கொண்டே வந்தார். எந்தக் கடை பூட்டிக் கிடந்தது, எந்த வாசலில் மண்மூட்டை அடுக்கினார்கள், எங்கே நின்றபோது அபாயச் சங்கு ஊதியது என்று கடற்கரை வரைக்கும் ஹெட் கிளார்க் ஓயவில்லை. கூட இருந்து பார்த்தவன்கூட அவ்வளவு சொல்ல மாட்டான்.

கடற்கரையில் தூர்ந்துபோன பதுங்குகுழி ஒன்றின் பக்கத்தில் நின்றோம். வார்டன் அப்பாவைப் பார்த்து, "நீங்க எப்படிப் பழக்கம், பெரியவரே?" என்று கேட்டார்.

"இவுக சம்சாரமும் புள்ளைங்களும் எங்க வூட்டுலதான் இருந்தாங்க. ஐயா கொண்டாந்து வுட்டுட்டு அன்னைக்கே ரயிலேறிட்டாருங்க." அப்பா பிசிறில்லாமல் சொன்னார். நானே நம்பியிருப்பேன்.

வார்டனுக்குத் திருப்தி. அக்கா பக்கம் திரும்பி, "கைக்குழந்தை ஒண்ணு அங்கதான் தவறிப்போச்சுன்னு சொன்னாங்க. பாவம், கடைசி நேரத்துல அப்பன் முகத்தைப் பார்க்காமலே போயிருக்கு" என்றார்.

"என்ன செய்யறது, இங்க வேலை அப்படி" என்று முனகினார் ஹெட் கிளார்க்.

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

"பார்த்துட்டுத்தாங்க போச்சு" என்றார் வார்டனிடம். "இவர் மடியிலதான் போச்சு. மூணு ராத்திரி கீழ விடாம வச்சிருந்தாரு. வரப்போரம் புதைக்கத் தூக்கிட்டுப் போனதும் இவர்தான். அதை இல்லேன்னு சொல்லி எம் பொண்ணுக்குக் கல்யாணம் வேண்டாம்."

"பொண்ணோட ஜாதகத்தை நாளைக்குத் திருப்பிக் குடுத்தனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வார்டன் டிராமைப் பார்த்து நடந்தார்.

அந்த மூன்று ராத்திரியும் எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து எனக்குள் புகைந்துகொண்டிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஐயோ பாவமே என்றிருந்தது. அக்கா மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹெட் கிளார்க் பக்கத்திலேயே நின்றார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த வரப்போரம்... இப்ப அங்க என்ன போட்டிருக்கீங்க?"

"சுத்தி வெங்காயம்ங்க" என்றார் அப்பா. "அந்த எடத்துல ஒண்ணும் போடறதில்ல. ஏரைத் திருப்பித்தான் ஓட்டறோம்."