உருளைக்கிழங்கு என்று எழுதினேன்

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போது பெரம்பலூரில், சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்யும் மண்டியில் நான் கிளார்க். விலை தாறுமாறாக ஏறியதால் வெங்காயத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் தடை போட்டிருந்தது. குடோனில் மூட்டைகள் முளைவிட ஆரம்பித்தன.

"உருளைக்கெழங்குன்னு போட்டுடுங்க. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?" என்றார் முதலாளி. மறுபேச்சில்லாமல் சரக்குச் சீட்டை இங்கிலீஷில் அப்படியே டைப் அடித்துக் கொடுத்தேன்.

லோடு ஏற்றிப் போனவர் செந்துறைக்காரரான டிரைவர் கலியன். துறைமுகத்தில் மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். தனக்கு எதுவும் தெரியாது, டிரைவர்தான் சரக்கை மாற்றியிருப்பான் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். கலியனை மூன்று நாள் உட்கார வைத்து விசாரித்து அனுப்பினார்கள்.

திரும்பியவர் நேரே என் மேசைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டின் கசங்கிய நகலை எடுத்து நீட்டினார்.

"வெங்காயந்தான் ஏத்தியிருக்கேன்னு உள்ளதச் சொன்னேன் சார். பேப்பர்ல உருளைக்கெழங்குன்னு இருக்குதாம். எங்க கிளார்க் சார் அப்படி எழுத மாட்டாருன்னு அடிச்சுச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

முதலாளி அன்று ஊரில்கூட இல்லை. நான் பயப்பட அங்கே யாருமே இல்லை.

"வெங்காயம்னுதான் இருக்கு" என்றேன்.

"அதானே" என்றார். முகம் தெளிந்துவிட்டது. நகலைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு எத்தனையோ பேர் என்னை நல்லவன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காக மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.