குரோகி தெய்ஜியின் காது

மேல்சுரங்களைக் கூட்டும் ட்ரெபிள் திருகு கடைசிவரை திருகப்பட்டிருந்தது.

அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் சுமிரே அதைப் போட்டாள். ஸ்பீக்கர் இரண்டிலும் புஸ்ஸென்று இரைச்சல். பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திக் கலயம், அப்பாவின் படம், பாதி எரிந்த ஊதுவத்தி. திருகைத் தொடுகிறவன் அடுத்தவன் சமையலில் உப்பு அள்ளிப் போடுகிறவன் என்று திட்டிய மனிதரின் பெட்டி அது. எல்லாத் திருகும் நடுவில் நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"அம்மா, இதை யார் திருப்பினது?"

அம்மா நொபுகோ சமையலறையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். "தூசி துடைக்கறப்போ பட்டிருக்கும்."

"கடைசி வரைக்குமா?"

"அணைச்சிட்டு வந்து சாப்பிடு. சூப் ஆறுது."

எதைத் திருப்பினது என்று அம்மா கேட்கவேயில்லை. சமையலறையிலிருந்து பெட்டி தெரியாது. சுமிரே அதை மனதில் போட்டுக்கொண்டாள்.

அவள் யோகோஹாமாவில் காது கேட்கும் கருவி செய்யும் நிறுவனத்தில் பொறியாளர். எந்த வயதில் எந்த ஒலி காதை விட்டுப் போகும் என்பது அவளுக்கு அன்றாட வேலை. இந்தத் திருகை யார் எதற்குத் திருப்புவார்கள் என்று யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. அதை அப்பாவோடு சேர்த்துப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.

அப்பா குரோகி தெய்ஜி சம்பளம் வாங்கியது செண்டாய் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லும் வேலை. மாலையில் கச்சேரி கேட்கப் போவார். மறுநாள் உள்ளூர் நாளிதழில் விமர்சனம். கசிவு தேடிப் பழகிய காது அரங்கத்திலும் முதலில் கசிவைத்தான் தேடியது. "இரண்டாம் பகுதியில் கொம்புகள் கசிந்தன" என்று எழுதினால், கொம்பு வாசித்தவர்கள் ஒரு மாதம் தலை நிமிர மாட்டார்கள். இசைக்குழுவில் அவருக்குக் குழாய்க்காரர் என்று பெயர்.

"குழாய்க்காரர் வந்தாச்சா?" மேடைக்குப் பின்னால் ஒருவர் கேட்பார்.

"வந்தாச்சு. அதே ஓரத்து நாற்காலி."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"தண்ணி வராத குழாய் மாதிரி."

யாரிடமும் அவர் எதையும் வாங்கியதில்லை. ஒரு புத்தாண்டுக்குப் பியானோக்காரர் ஒருவர், பச்சை சோயா அரைத்துப் பூசிய அரிசி உருண்டைகள் ஒரு பெட்டி அனுப்பினார். பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். "நான் தின்னா உங்க காது அடைச்சிக்குமா?" என்று கேட்ட அம்மா, அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. அந்த உருண்டைக் கதை ஊர் முழுக்கப் பரவியது. அவர் எழுத்தை நம்பினார்கள் என்றால், அதில் பாதி அந்த உருண்டையால்.

கடைசிக் காலத்தில் பெயர் இன்னும் பெரிதானது. எல்லோரும் வயலினைப் பற்றியே பேச, குரோகி டபுள் பாஸ், செல்லோ என்ற அடிக்குரல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். அடிக்குரல்களைப் பற்றி நாட்டில் யாரும் இப்படி எழுதியதில்லை, முதுமை இவரை ஆழமாக்கிவிட்டது என்று டோக்கியோ பத்திரிகை ஒன்று பாராட்டியது.

அந்த வாரம் நாளிதழின் கலைப்பக்க ஆசிரியர் சுகாவரா வந்தார். அஸ்தியின் முன் மணியைத் தட்டிக் கும்பிட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"விமர்சனம் எல்லாத்தையும் புத்தகமாப் போடறோம் சுமிரே. வாரிசு நீ. ஒரு கையெழுத்து போதும்."

"எல்லாத்தையுமா?"

"ஒதகிரி விமர்சனம்தான் முதல் பக்கம். 'மாடி இல்லாத வீடு'. ஊருக்கே மனப்பாடம்."

ஒதகிரி மித்சுயே இந்த ஊர் வயலின் கலைஞர். இசைக்குழுவில் முதல் வயலின் இடத்துக்கு அவளைத்தான் எடுப்பதாக இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் குரோகி எழுதினார்: "மேலே ஏற ஏற வெளிச்சம் குறைகிறது. அழகான வீடு, மாடிதான் இல்லை." இடம் வேறொருவருக்குப் போனது. ஒதகிரி இப்போது ஓர் இசைக்கருவிக் கடையின் பின்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள்.

"சுகாவரா சார், அப்பா உங்ககிட்ட போன்ல பேசுவாரா?"

"முன்னாடி பேசுவார். அப்புறம் பிடிக்கலைன்னுட்டார். நேர்லதான்." சுகாவரா தேநீர்க் கோப்பையைச் சுற்றினார். "ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான். தாள் இருக்கட்டும்."

அவளிடமும் அப்பா போனில் பேசியது எப்போது? எப்போது கூப்பிட்டாலும் அம்மாதான் எடுப்பாள். "அப்பா குளிக்கறார்." நாலு வருடமாகக் குளித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, ஒட்டி வைத்த விமர்சனங்களை வருட வரிசையில் தரையில் பரப்பினாள். வாக்கியங்களைப் படிக்கவில்லை, வாத்தியங்களை மட்டும் பார்த்தாள். முதலில் முக்கோணமணி காணாமல் போனது. அப்புறம் குட்டிப் புல்லாங்குழல். அடுத்த வருடங்களில் வயலினின் உச்சி சுரங்கள். புல்லாங்குழலைப் பற்றி எழுதினாலும் வாசித்தவரின் தோளையும் மூச்சையும் எழுதினார், சுரத்தை எழுதவில்லை. ஒலி மேலிருந்து கீழாகப் படிப்படியாக அணைந்துகொண்டே வந்தது. அலுவலகத்தில் தினமும் பார்க்கிற, வயதான காதின் வரைபடம் அப்படியே தரையில் கிடந்தது. ஆழம் என்று டோக்கியோக்காரர்கள் பாராட்டியது இதைத்தான்.

தனக்குக் கேட்காததை அவர் எழுதவில்லை. ஒரே ஒரு இடம் தவிர. வயலின் உச்சி மற்ற விமர்சனங்களிலிருந்து மறைந்துவிட்ட பிறகு, ஒதகிரியின் உச்சியில் வெளிச்சமில்லை என்று எழுதியிருந்தார்.

அந்தக் கச்சேரியை வானொலி ஒலிபரப்பியது. அவர்கள் கொடுத்த இசைத்தட்டு அலமாரியில் இருந்தது. உறை ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. பிடிக்காத கச்சேரியின் தட்டு எப்படி இவ்வளவு தேயும்?

திருகை நடுவில் வைத்துப் போட்டாள். வயலின் ஏறியது. ஏற ஏறத் திறந்தது. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. பிறகு அதையே தன் கணினி வழியாக, வயதான காதுக்கு என்ன மிஞ்சுமோ அதை மட்டும் வைத்துப் போட்டாள். அதே வயலின். மாடி இல்லை.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரத் துணி.

"அதைப் போடாதே."

"உனக்குத் தெரியும்."

"விமர்சனம் வந்தப்போ தெரியாது. அவருக்கும் தெரியாது." அம்மா உட்கார்ந்தாள். "அப்புறம் ஒருநாள் இந்தத் தட்டைப் போட்டார். ஏதோ தோணியிருக்கு, திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினார். உச்சி சுரம் கேட்டுது. சாயங்காலம் வரைக்கும் அதே இடத்துலதான். கூப்பிட்டாலும் எழுந்துக்கலை."

"திருத்தம் போட்டிருக்கலாமே."

"நானும் சொன்னேன். 'வயலின் நல்லாத்தான் இருந்தது, என் காதுதான் கசியுதுன்னு போடவா?'ன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அடிக்குரலுக்கு இறங்கிட்டார்."

"நான் இதே வேலைதானேம்மா பார்க்கறேன்! என்கிட்ட வந்திருந்தா..."

"உன்கிட்ட வந்தா நீ அளந்துடுவியாம்." அம்மா துணியை மடித்தாள். "அதுக்குத்தான் பயந்தார். வேற யாருக்கும் பயப்படலை."

சுமிரே ஊதுவத்தி ஏற்றப் போனாள். தீக்குச்சி பற்றவில்லை. இன்னொன்றும் பற்றவில்லை. அம்மா எழுந்து வந்து ஏற்றினாள்.

இசைக்கருவிக் கடையில் ஒதகிரி ஒரு சின்ன வயலினுக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தாள். சுமிரே பெயரைச் சொன்னதும் கை நின்றது.

"புத்தகம் வருதாமே. என் படம் வேணுமா?"

"இல்லை. ஒண்ணு சொல்லணும். அந்தக் கச்சேரியப்போ அப்பாவுக்கு உச்சி சுரம் கேட்கலை. காது போயிருந்தது."

ஒதகிரி உடனே நம்பவில்லை. "யார் சொல்லிக் குடுத்தது? செத்தவருக்குப் பாவம் கழிக்கவா வந்தீங்க?"

சுமிரே கணினியைத் திறந்து இரண்டையும் போட்டுக் காட்டினாள். ஒதகிரி காதணியைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். இரண்டாவது முடிந்தும் கழற்றவில்லை.

"நான் தந்தியைச் சந்தேகப்பட்டேன்," என்றாள். "எல்லாக் கம்பெனித் தந்தியும் போட்டுப் பார்த்தேன். அப்புறம் வாசிக்கற வில்லைச் சந்தேகப்பட்டேன். கடைசியில வயலினையே வித்துட்டேன்."

"யார்கிட்ட?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? வாங்கிக் குடுக்கப் போறீங்களா?" ஹெட்ஃபோனை மேசையில் வைத்தாள். "அந்தத் தட்டு இங்கே இருக்கட்டும்."

தட்டு அப்பாவின் விரல் தேய்த்த உறையில் இருந்தது. சுமிரே ஒரு கணம் அதை விடாமல் பிடித்திருந்தாள். பிறகு உறையோடு கொடுத்தாள்.

"இதைப் புத்தகத்துல எழுதப் போறேன்," என்றாள்.

"எழுதுங்க. என்னைப் பாவம்னு மட்டும் எழுதாதீங்க. அச்சுல உங்க அப்பா என்னைப் பத்திச் சொன்னதே போதும்."

சுகாவராவின் அலுவலகத்தில் சுமிரே ஒரு பக்கத்தை நீட்டினாள். எந்த ஒலி எந்த வருடம் போனது, அந்த விமர்சனம் எப்போது எழுதப்பட்டது, தட்டில் என்ன இருக்கிறது. பெயரடை ஒன்றுகூட இல்லை. ஒதகிரி விமர்சனத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இது வர வேண்டும், இல்லையென்றால் கையெழுத்து இல்லை என்றாள்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இதைப் போட்டா மத்த விமர்சனத்தையும் நம்ப மாட்டாங்க. பக்கத்துக்குப் பக்கம் சந்தேகப்பட்டுத்தான் படிப்பாங்க. உங்க அப்பா தாங்குவாரா?"

"அப்பா எல்லார் வாசிப்பையும் அப்படித்தானே கேட்டார்," என்றாள் சுமிரே. "அவரையும் அப்படியே படிக்கட்டும்."

சுகாவரா அந்தப் பக்கத்தைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு, கையெழுத்துத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.